முழங்கால் உயரக் கல்

கல் இருந்தது. அதுவே அவளுக்குப் போதும் என்றிருந்தது.

சுவரிலிருந்து மூன்றாவது. பக்கத்தில் அதே லிண்டன் மரம். இருபத்தொன்பது வருஷத்தில் மரம் மட்டும் நன்றாகத் தடித்திருந்தது.

ஆனால் கல்லின் முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, சிவப்புக் கண்ணாடிக் குவளைக்குள். அருகே ஒரு சின்னத் தட்டு. அதில் காகிதம் பிரிக்காத பால் மிட்டாய் நான்கு.

அப்பாவுக்கு மிட்டாயா?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் சிரிக்கலாமா என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா சுங்க அதிகாரி. முதல் உலகப்போர் முடிந்ததும் வரைபடத்தில் எல்லைக் கோட்டை நகர்த்தினார்கள், எல்லை இந்த ஊர்க்கோடிக்கு வந்து நின்றது. போலந்துக்குப் போனது போக, ஜெர்மனிக்கு எஞ்சிய துண்டு துணுக்குகளை ஒட்டுப்போட்டு, போசன்-மேற்குப் பிரஷ்யா என்று ஒரு மாகாணம் செய்தார்கள். பதினாறே வருஷம். அப்புறம் அதையும் கலைத்துவிட்டார்கள்.

மாகாணம்தான் நிலைக்கவில்லை. அப்பா நின்றார். கறார் என்றால் அப்படியொரு கறார்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தை வீட்டுக்குப் போனவள், பாவாடைக்குள் ஒரு வெண்ணெய்க் கட்டியை மறைத்துக்கொண்டு வந்தாள். கொடுத்தது வேறு யாருமில்லை, அப்பாவின் கூடப்பிறந்த அக்காதான். சுங்கச்சாவடியில் அப்பா அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"எடு."

எல்லோர் முன்னாலும் எடுக்க வைத்தார். வெயிலில் அது கையெல்லாம் உருகி வழிய, போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றார். பொய்க்கு ஒரு வாசனை உண்டு, என் மூக்குக்குத் தப்பாது என்பார். தப்பியதும் இல்லை.

அடுத்த போரில் ஜெர்மனி போலந்தைப் பிடித்ததும் எல்லைக் கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். அப்பா ஒன்றை உருட்டி வந்து வீட்டு வாசலில் நட்டுக்கொண்டார். பூட்ஸ் சேற்றை வழிக்க ஆகும் என்றார். உண்மையான காரணம் அம்மாவுக்குத் தெரியும். கேட்கவில்லை.

நாற்பத்தைந்து ஜனவரியில், பீரங்கிச் சத்தம் ஊரை நெருங்கிய அன்று, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பேர் கொத்த ஆள் ஏது? அவளும் அம்மாவும் வாசல் கல்லையே பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். மறுநாள் ஊரைவிட்டு மேற்கே ஓடினார்கள். போர் முடிந்ததும் ஊர் போலந்துக்குப் போனது.

அந்தப் பேர்தான் இப்போது அவள் கைப்பையில் இருந்தது. பித்தளைத் தகடு. நான்கு திருகாணி. அவற்றை முடுக்க ஒரு திருப்புளி, கல்லில் துளை போட ஒரு சின்ன உளி. சாகும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது ஒன்றைத்தான்.

பின்னால் வாளிச் சத்தம்.

பச்சைத் தலைத்துண்டு கட்டிய ஒரு பெண், கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். இவள் வயதுதான் இருக்கும். கல்லையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளிறிப் போயிற்று.

ரயிலடியிலிருந்து இவளை அழைத்து வந்த டாக்ஸிக்காரன் ஜெனோனுக்கு ஜெர்மன், போலிஷ் இரண்டும் தெரியும். அவன்தான் போய்ப் பேசினான். அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தான்.

"அம்மா, நீங்க அப்பா கல்லறைன்னு சொன்னீங்க. இந்த ப்ரோனியா இது ஒரு குழந்தையோடதுங்கிறாங்களே?"

அவள் கல்லைப் பார்த்தாள். முழங்கால் உயரம். பேரில்லை. எல்லைக்கல்லின் எண்ணைப் பாசி மூடியிருந்தது. குழந்தை என்று நினைத்ததில் தப்பென்ன?

ப்ரோனியாவின் ஊர் பழைய போலந்தின் கிழக்கே இருந்ததாம். அங்கேயும் கோட்டை நகர்த்தினார்கள். ஊர் சோவியத்துக்குப் போயிற்று, ஊரார் சரக்கு ரயிலில் இங்கே வந்தார்கள். நான்கு வயதில் இறந்த மகள் ஜாட்ஸியா அந்த மண்ணிலேயே தங்கிவிட்டாள். போய்ப் பார்க்க அனுமதி இல்லை. இங்கே வந்த முதல் நவம்பரில், இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாளில், ஊரே கையில் விளக்கோடு நின்றதாம், ஏற்றுவதற்குச் சொந்தக் கல்லறை இல்லாமல். அப்போதுதான் இந்தச் சின்னக் கல் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறவில்லை.

ப்ரோனியா கிட்டே வந்தாள். சொல்லச் சொல்ல, ஜெனோன் மொழிபெயர்த்தான்.

"உங்க பிள்ளையா அம்மா? மன்னிச்சுக்கோங்க. இத்தனை வருஷமா என் பொண்ணு பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். இதோட பேர் என்னன்னு சொல்லுங்க. இனிமே அப்படியே கூப்பிடுறேன்."

அவள் பைக்குள் கையை விட்டாள். தகடு சில்லென்றிருந்தது. கொத்திய எழுத்துகளை விரல் ஒவ்வொன்றாகத் தடவியது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. இனி ஒருமுறை வர முடியுமோ என்னவோ.

வெறும் கையை வெளியே எடுத்தாள்.

"என் தங்கச்சி," என்றாள். "பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டா. நீங்க கூப்பிட்ட பேரே இருக்கட்டும்."

வழியெல்லாம் அப்பா கல்லறை, அப்பா கல்லறை என்று அவள் சொல்லக் கேட்டு வந்தவன் ஜெனோன். அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னான்.

ப்ரோனியா அப்படியே மண்டியிட்டு அழுதாள். அழுது ஓய்ந்து, தட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து இவள் கையில் வைத்து மூடினாள்.

அவள் கைப்பையின் கொக்கியை மாட்டினாள். தகடு உள்ளேயே இருந்தது.

கல்லுக்கு நேர் எதிரே, அசையாமல், கொஞ்ச நேரம் காத்து நின்றாள்.

"எடு" என்று யாரும் சொல்லவில்லை.