கேட்காமலே கண்டுபிடிப்பவன்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த ஆயுதங்களிலேயே மிகக் கொடூரமானது கேள்விதான் என்று அவன் சாப்பாட்டு மேசையில் அறிவித்தான்.

காரணம், அவன் அம்மா அப்போதுதான் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தாள்.

"ஏம்மா, ஏதாவது விசேஷமா?"

தட்டில் பாதியை ஒதுக்கிய மருமகளிடம், வாய் தவறி வந்த மாதிரிதான் கேட்டாள். கல்யாணமாகி மூன்று வருடமாக வாரம் ஒருமுறை அவளுக்கு வாய் தவறிக்கொண்டிருக்கிறது.

மனைவி தண்ணீர் குடித்தாள்.

அவனுக்கு மீன் பண்ணையில் வேலை. எந்தத் தாய் மீனின் வயிற்றில் முட்டை முற்றியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கூட வேலை பார்ப்பவர்கள் அவனைப் 'பிரசவ டாக்டர்' என்பார்கள். அதை அவன் கிண்டல் என்று எடுத்துக்கொண்டதே இல்லை.

"முன்னெல்லாம் மீனைப் பிடிச்சு வயித்த அமுக்குவாங்க. குழாய விட்டு முட்டைய உறிஞ்சிப் பாப்பாங்க. அது மிரண்டு போயி, முத்துற முட்டையக்கூட உடம்புக்குள்ளயே கரைச்சிடும். நீ பண்றதும் அதேதாம்மா."

"நான் எங்கடா அமுக்கினேன்?"

"வாயால அமுக்குற."

இப்போது அந்தக் காட்டுமிராண்டித்தனமெல்லாம் ஒழிந்தது என்றான். தண்ணீருக்குள்ளேயே ஸ்கேன் கருவியைக் காட்டினால் போதும்; முட்டை திரையில் தெரிந்துவிடும், பார்த்தது மீனுக்குத் தெரியாது. கருவிகூட வேண்டாம். எது இரையை மிச்சம் வைக்கிறது, எது கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறது என்று சும்மா கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அம்மா மருமகளின் தட்டைக் காட்டினாள். "அதைத்தாண்டா நானும் கவனிச்சேன். நீ பாத்தா ஆராய்ச்சி, நான் பாத்தா வம்பா?"

"பாரு. கேக்காத. மூணு வருஷத்துல நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?"

கேட்டதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அவள் ஆபீசில் கேட்டார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட ஒருமுறை கேட்டார். அவன் மட்டும் கேட்டதில்லை. அவள் முகம் வாடிய மாதங்களில், ஒரு வார்த்தை பேசாமல் ஐஸ்கிரீம் வாங்கிவந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவான். அவ்வளவு நாகரிகம்.

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆமா அத்தை, ஊரே கேட்டுடுச்சு," என்றாள். "கேக்காதவர் இவர் ஒருத்தர்தான்."

பாராட்டு என்றுதான் நினைத்தான். 'பார்த்தாயா' என்று அம்மாவைப் பார்த்துப் புருவத்தைக்கூட உயர்த்தினான்.

அம்மா அவனை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அங்கே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு கழுவுகிற சத்தம் மட்டும் வரவில்லை.

எழுந்து போனான். குழாயை மூடினான்.

அவள் திரும்பவில்லை. ஒரு முதுகைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டான். கேட்டுக் கேட்டுப் பழகிய அம்மாவின் லாகவம் அவனிடம் இல்லை.

"இந்த மாசம்... என்ன... ஏதாவது..." என்று இழுத்தான்.

இழுத்துவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நின்றான்.