கொன்றையும் நொச்சியும் நடுவில் ஒரு வயரும்

ஒரு போட்டோ ஸ்டூடியோவின் ஏசி அறையில் கொன்றை, நொச்சி என்று படங்களைச் சேமித்துவைக்கும் இரண்டு கம்ப்யூட்டர் சர்வர்கள் குடியிருந்தார்கள். கொன்றையிடம் இருக்கும் படங்களுக்கெல்லாம் நொச்சியிடம் ஒரு நகல் உண்டு. நொச்சியின் படங்களுக்குக் கொன்றையிடம் உண்டு. ஒருத்தி படுத்துவிட்டால் அவள் வேலையை மற்றவள் பார்ப்பதாகப் பேச்சு. அதனால் எந்நேரமும் "இருக்கியாடி?" "இருக்கேன்டி" என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒருநாள் பெரிய கல்யாணம் ஒன்றின் படங்கள் மொத்தமாக வந்து இறங்கின. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரே வயர். நகல் போகிற நெரிசலில் அது திணறிப்போனது. நொச்சி கூப்பிட்டாள், பதில் வரவில்லை. "போயிட்டியாடி" என்று கலங்கியவள், கொன்றை அடுக்க வேண்டிய கல்யாண ஆல்பத்தைத் தானே அடுக்கத் தொடங்கினாள். அந்தப் பக்கம் கொன்றையோ நொச்சி போய்விட்டாள் என்று அழுதுகொண்டே அதே ஆல்பத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நெரிசல் தீர்ந்தபோது ஆல்பம் இரண்டாகியிருந்தது. ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால், மற்றதில் பெண் வீட்டார் முன்னால். ஸ்டூடியோ வாசலில் இரு வீட்டாருக்கும் கைகலப்பே வந்துவிட்டது.

"நான் செத்துட்டேன்னு உனக்கு யாருடி சொன்னா?" என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மறுவாரம் தும்பை என்ற சின்னப் பெட்டி வந்து சேர்ந்தது. அது படம் எதையும் சுமக்காது. இருவரிடமும் தனித்தனி வயர் வைத்துக்கொண்டு, யார் இருக்கிறார்கள் என்று சொல்லும்; அவ்வளவுதான்.

நடு வயர் மறுபடி அடைத்துக்கொண்டது. நொச்சி தேம்பத் தொடங்கினாள்.

"அவ நல்லாத்தான் இருக்கா. உன்னை நெனச்சு அழுதுகிட்டிருக்கா" என்றது தும்பை.

நொச்சியின் தேம்பல் நின்றது. "ரொம்பவா அழறா?"

"ரொம்ப. நீ இருக்கேன்னு சொல்லிடவா?"

"சொல்லு. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்லு" என்றாள் நொச்சி.