காரணம்: ஜுரம்

பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அவள் மூன்றாவது முறையாகத் திறந்தாள்.

செல்லி. வயது இருபத்திரண்டு. இறப்பின் காரணம்: ஜுரம்.

கையெழுத்து அவளுடையதுதான்.

நான்கு வருடத்துக்கு முன் எழுதியது. பூலாம்பாறை துணை சுகாதார நிலையத்தில் செவிலியராகச் சேர்ந்து அப்போது அவளுக்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

மேசையில் விண்ணப்பம் கிடந்தது. மலைக்கு ஒரு ஆம்புலன்ஸ் கேட்டு, சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளைக்கு.

ஏழாவது கேள்வி மட்டும் பாக்கி.

கடந்த ஐந்து ஆண்டுகளில் பிரசவத்தில் இறந்த தாய்மார் எத்தனை பேர்? ஆதாரம் இணைக்கவும்.

அந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் அலைந்திருந்தாள். நகரத்து ஆஸ்பத்திரியின் பதிவறையில் கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்ததில் மூன்று பெயர்கள் கிடைத்தன. மூவரும் இந்த மலைக்காரிகள். மூங்கிலில் டோலி கட்டித் தூக்கிப் போனவர்கள். உயிர் போனது கீழே என்பதால் மலையின் ஏட்டில் அவர்கள் இல்லை.

காலையில் அறக்கட்டளைக்காரர் போனில் சொன்னார்.

“மூணு பேரும் ஆஸ்பத்திரி போய்ச் சேந்தவங்கம்மா. கமிட்டில அதத்தான் பிடிப்பாங்க. வண்டி இல்லாம மலையிலயே இறந்துபோனதா ஒண்ணாவது காட்ட முடியுமா? சனிக்கிழமைதான் கடைசி.”

“பாக்கறேன் சார்” என்றாள்.

பார்க்க எதுவுமில்லை. பக்கம் திறந்தே கிடந்தது.

அன்றைக்கு அவள் செல்லியின் குடிசைக்குப் போய்ச் சேரும்போதே பாய் முழுக்க ரத்தத்தில் நனைந்திருந்தது. குழந்தை அழவில்லை. டோலி தூக்க நான்கு ஆள் கூடுவதற்குள் செல்லியின் கை, இவள் கைக்குள்ளேயே குளிர்ந்துபோனது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சொன்னார். பிரசவச் சாவு என்றால் விசாரணை வரும். ஜுரம் என்று போட்டுவிடு.

போட்டாள்.

பதிவேட்டையும் விண்ணப்பத்தையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

செல்லியின் புருஷன் சடையன் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தான். எதற்கு வந்தாள் என்று சொல்லி முடிக்கும்வரை துண்டைக் கையிலேயே பிடித்திருந்தான்.

பிறகு சொன்னான்.

“ஜுரம்னு எழுதினது எனக்குத் தெரியும் நர்சம்மா. கார்டுல அவ பேர எடுக்கப் போனப்ப, ரேசன் கடைக்காரரு நீங்க குடுத்த சீட்டப் படிச்சிக் காட்டினாரு.”

“ஏண்ணா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா நீங்க போயிடுவீங்க. உங்களுக்கு முன்ன வந்தவங்க ஒருத்தரும் மூணு மாசம் தாங்கல.”

காற்றில் சாமைக் கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

“இப்பவும் அதேதான் சொல்றேன். ஜுரமாவே இருக்கட்டும். மாத்தி எழுதினா உங்க வேல போயிடும்.”

நான்கு வருடமாக அவள் இந்தக் கொல்லையைச் சுற்றிக்கொண்டு மேட்டு வழியாகவே போய் வந்திருக்கிறாள். அவன் கண்ணில் படக்கூடாது என்று.

“செல்லிக்கு ஜுரம் இல்லண்ணா.”

அவன் முகம் மெல்லக் கலைந்தது.

“இல்ல” என்றான்.

குனிந்து, மண் ஒட்டிய கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தான். இடது கட்டைவிரலை நீட்டினான்.

விண்ணப்பத்தில் சாட்சி ரேகை வைக்க அவள் மசியைத் தடவும்போது கேட்டான்.

“புள்ளையையும் எழுதுவீங்களா?”

விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஓரத்தில் எழுதினாள். பெண் குழந்தை. பெயர் வைக்கவில்லை.

பிறகு பதிவேட்டை எடுத்தாள். ஜுரம் என்ற சொல்லை ஒரே கோட்டால் அடித்தாள், கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி. பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு என்று எழுதி, திருத்திய நாளின் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழாவது கேள்விக்கு நேரே நான்கு.

ஐப்பசியில் மெமோ வந்தது. பதிவேட்டில் தவறான தகவல் எழுதியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆமாம், எழுதினேன் என்று ஒரே வரியில் பதில் அனுப்பினாள். டாக்டர் அதற்கு முன்பே வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார்.

தை பிறந்து வண்டி வந்தது. வெள்ளை வண்டி. குமரிகள் ஆரத்தி எடுத்தார்கள். சடையன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டான்.

பதினோராம் நாள் அவளுக்கு மாறுதல் உத்தரவு. மலையை விட்டு வெகுதூரம்.

பெட்டியைச் சந்தைக்குப் போகிற ஜீப்பில் முந்தின நாளே அனுப்பிவிட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விடிந்ததும் நடந்தே இறங்கினாள்.

பாதி வழியில் பின்னால் வண்டிச் சத்தம். பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கினாள்.

ஓட்டுநர் அவளை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைத்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பின்பக்கக் கண்ணாடிக்குள் யாரோ ஒரு பெண், வண்டி உதவியாளரின் கையைப் பிடித்தபடி, பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

“ஏறிக்குங்க நர்சம்மா!”

அவள் இரண்டு கைகளையும் வீசினாள்.

“நிக்காதண்ணா! போ, போ!”

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

முதல் வளைவில் ஹாரன் கேட்டது. அடுத்த வளைவில், அதற்கும் கீழே ஒன்றில்.

அடிவாரத்து ஹாரன் காதில் விழும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.