கம்பம் பிடுங்கும் வேளை

பல்லடம் சாலைப் பள்ளியின் மைதானத்தில் மத்தியான வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. இரண்டு ஆட்கள் கடப்பாரையால் கோ-கோ கம்பத்தைப் பிடுங்குகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பின் சிறப்பு வகுப்புகளுக்காக அங்கே தகரக் கொட்டகை வரப்போகிறது. கட்டித் தருபவர் பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமி. பள்ளி அணியின் கேப்டன் தமிழரசி அவருடைய மகள்தான். விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டு அவரருகில் நிற்கிறார் விளையாட்டு ஆசிரியர் அய்யாசாமி. "ஏனுங்க, அடுத்த வாரம் மாவட்டப் போட்டிங்க. அது வரைக்குமாச்சும் உட்டிருக்கலாமுங்க." "ஓடி என்னங்க ஆவப்போகுது? மார்க்கும் என்ட்ரன்ஸும் இருந்தாத்தானுங்க டாக்டர் சீட்டு," என்கிறார் லிங்கசாமி. "உங்க பொண்ணு ஓடறத ஒருக்காவாச்சும் பாத்திருக்கீங்களா?" "கம்பெனிய உட்டுப்போட்டு எப்பங்க வாரது? பாத்ததில்லீங்க." கம்பம் சாய்கிறது, குழிக்குள் ஈரமண் கறுப்பாகத் தெரிகிறது. பக்கத்து வகுப்பில் எல்லாரும் வேதியியல் சமன்பாடுகளை ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள். ஜன்னலோரம் தமிழரசியின் வாய் மட்டும் அசையவில்லை. அப்பாவையே பார்க்கிறாள். அவர் கையைத் தூக்கி அசைத்துப் பெருமையாகச் சிரிக்கிறார். "வெளியே என்ன வேடிக்கை? ஜன்னலைச் சாத்து," என்கிறார் ஆசிரியை. தமிழரசி எழுந்து இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்துகிறாள். லிங்கசாமியின் கை இன்னும் தூக்கியபடியே இருக்கிறது.