அவன் சொன்ன பதில்கள்

"காய்ச்சல்ல படுத்திருக்கறவளுக்குக் குடுக்கற கேமாடா இது? காதல் கதைன்னு சொல்லி ஏமாத்திட்டியே!" என்று போனில் தம்பியிடம் பொரிந்தாள் அக்கா.

"ஏங்க்கா? நாவல் மாதிரி படிச்சுக்கிட்டே விளையாடலாமே."

"அந்தக் கதாநாயகன் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல. பொண்டாட்டி முடியாம கிடக்கா. இவன் ஆபீஸ்ல மீட்டிங்னு புளுகிட்டு இன்னொருத்தியோட சுத்தறான். கேட்டா, 'உனக்கு எப்பவும் சந்தேகம்தான்'னு அவ மேலயே பாயறான்."

தம்பி சிரித்தான். "என் ஆட்டத்துல அவன் தங்கமான மனுஷன். லீவு போட்டுட்டு அவ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான்."

"அதெப்படி?"

"ஒவ்வொரு கட்டத்துலயும் மூணு பதில் வரும். நாம எதைத் தொடறோமோ, அவன் அப்படித்தான் ஆவான். நீ ஏடாகூடமா தொட்டிருப்பே."

"நான் எதையும் தொடலடா. டேப்லெட்டைத் திறந்தா 'தொடர்க'ன்னு இருந்துச்சு, அமுக்கினேன். ஏழாவது அத்தியாயம் வந்துச்சு. முன்னாடி நடந்ததை அதுலயே புரட்டிப் படிச்சேன்."

"ஓ! போன வாரம் டேப்லெட்டை உன் வீட்டுக்காரர்கிட்டதானே குடுத்தனுப்பினேன்? அப்ப ஆறு அத்தியாயமும் அவர் ஆடினதுதான்!"

அவள் சிரிக்கவில்லை. போனில் கணவனின் செய்தி வந்து விழுந்தது: "ஆபீஸ்ல மீட்டிங். வர லேட்டாகும். மாத்திரை போட்டுக்கோ."

அதை இரண்டு முறை படித்தாள்.

"அந்தப் பொண்டாட்டி கடைசியில என்னடா பண்ணுவா?"

"அவளால என்னக்கா பண்ண முடியும்? பதில் சொல்ற பட்டன் எல்லாம் அவனுக்குத்தான்."

"சரி, வச்சிடறேன்" என்றவள், கணவனின் ஆபீஸ் வரவேற்பறை எண்ணை அமுக்கி, தான் யாரென்று சொல்லி அவனைக் கேட்டாள்.

"சார் ரெண்டு நாளா லீவுங்க, மேடம். உங்களுக்குக் காய்ச்சலாமே, இப்ப பரவாயில்லையா?"