கட்டிங் வேஸ்ட்

மகனுக்குக் கொள்ளி வைத்த நான்காம் நாளே அர்த்தநாரி வேலைக்கு வந்துவிட்டார். பனியன் கம்பெனியே வாயைப் பிளந்தது.

"ஒத்தைப் பையனுங்க! கருமாதி கூட முடியல. அதுக்குள்ள அயர்ன் பாக்ஸைப் புடிக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ?" என்றாள் மருதாள், செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டிக்கொண்டே. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்லுவாங்க. இந்த மனுசனுக்கு வந்தும் தெரியலியே!"

எதிரே நின்ற ஜெயபாரதிக்குச் சுருக்கென்றது.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவரு ஞானிங்க. நம்மள மாதிரி இல்லீங்க."

"என்னத்த ஞானி? கல்லுங்கறேன் நானு."

ஜெயபாரதி அடுத்த பனியனை எடுத்து விரித்தாள். அவர் கல் என்றால், எட்டு மாதமாக அவள் பிடித்துக்கொண்டு நிற்பது எதை?

எட்டு மாதத்துக்கு முன் அவள் மகள் ஜனனி காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். ஆறு வயது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், "ஏன் முன்னாலயே ஆஸ்பத்திரிக்குப் போகலை?" என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அர்த்தநாரி ஒருவர்தான் அவளெதிரே தரையில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசினார். கம்பெனியில் அவருக்கு 'அயர்ன் சாமியார்' என்று பட்டப்பெயர். டீ டைமில் நாலு பேர் சிக்கினால் போதும், வேதாந்தம் ஆரம்பித்துவிடுவார்.

"நம்ம தொழிலை வெச்சே சொல்றேன் அம்மணி. உடம்புங்கறது ஒரு பனியன். பழசானா ஆத்மா அதைக் கழட்டிப் போட்டுட்டு வேற ஒண்ணு போட்டுக்கும். கழட்டிப் போட்ட பனியனுக்கு யாராச்சும் அழுவாங்களா?"

"எம்புள்ளையுது பழசாகலீங்களேண்ணா. புதுசுங்களே."

"அதை முடிவு பண்றது நாமில்லீங்க அம்மணி."

ஜனனியின் கவுன்களை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் கிடையாய்க் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அடுத்த வாரமும் வந்தார்.

"பற்றுதான் துக்கத்துக்கு வேருங்க. அத்தனையும் மூட்டை கட்டிக் கொண்டாங்க. நம்ம கட்டிங் வேஸ்ட்டோட போட்டுருங்க. வடக்க மில்லுல அரைச்சு நூலாக்கிருவாங்க. நூலு துணியாகும், துணி இன்னொரு கொழந்தைக்குச் சட்டையாகும். அதுவும் ஒரு மறுபிறவிதானுங்க."

பெற்ற வயிறு கேட்குமா? ஆனாலும் கொண்டுவந்தாள். பள்ளிக்கூட யூனிபாரம், பிறந்தநாள் கவுன், எலாஸ்டிக் போன ஜட்டி வரைக்கும். துணி வெட்டிக் கழித்த துண்டுகளோடு அந்த மூட்டையும் டெம்போவில் ஏறிக் கேட்டைத் தாண்டியபோது, அர்த்தநாரி பக்கத்தில் நின்று சொன்னார்: "ஜெயிச்சுட்டீங்க அம்மணி."

அழுகை வரும்போதெல்லாம் அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொள்வாள். அதுதான் அவளைத் தினமும் எழுப்பிக் குளிக்கவைத்து, கம்பெனி வேனில் ஏற்றிவிட்டது.

இப்போது அவர் மகன் இளங்குமரன். இருபத்துநாலு வயது, நல்ல கபடி ஆட்டக்காரன். பைக்கில் வரும்போது லாரி மோதிவிட்டது. அர்த்தநாரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊரே பேசியது. ஜெயபாரதிக்கு அதில் ஒரு தெம்பு. அவரால் முடிகிறதென்றால் தன்னாலும் முடியும்.

டீ டைமில் ஒரு டம்ளர் டீயோடு அயர்ன் செக்சனுக்குப் போனாள். ஸ்டீம் சூட்டுக்கு அங்கே ஆண்கள் எல்லோரும் பனியனோடுதான் நிற்பார்கள். அர்த்தநாரி மட்டும் கழுத்துவரை சட்டைப் பட்டனைப் போட்டிருந்தார். வேர்வையில் சட்டை தொப்பலாகி உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

"டீ குடிங்கண்ணா. இந்தச் சூட்டுல சட்டை எதுக்குங்க? கழட்டிட்டு நில்லுங்க."

"வேண்டாங்க அம்மணி. இருக்கட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை. டேபிளைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார்.

பக்கத்து டேபிள்காரர் ஓடிவந்து தாங்கிப் பிடித்து, சட்டையைக் கழற்றினார். ஜெயபாரதி குடத்துத் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே ஒரு கபடி பனியன். அவர் உடம்புக்குச் சேராத சைஸ். தோளில் கிழிசல். மைதானத்துச் செம்மண் கறை. முதுகில் 'இளங்குமரன் 7' என்று அச்சடித்திருந்தது.

முகத்தில் தண்ணீர் பட்டுக் கண் விழித்தவர் முதலில் சட்டையைத்தான் தேடினார். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும், அந்தப் பனியனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திக்கொண்டார்.

"இன்னைக்கு ஊட்டுல அவன் துணியெல்லாம் போட்டு எரிக்கறாங்க அம்மணி. அதான் இதை மட்டும் எடுத்து உள்ள போட்டுட்டு இங்க ஓடியாந்துட்டேன். இன்னும் தொவைக்கலீங்க. அவன் வாசம் அப்படியே இருக்குது. கழட்ட முடியலீங்க..."

அந்தப் பெரிய மனிதர் பச்சைப்பிள்ளை மாதிரி தேம்பினார்.

ஜெயபாரதிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலாவது தேவலை. ஆறிப்போன டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் தேம்பல் அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, எம்புள்ளை துணி மூட்டை எந்த ஊரு மில்லுக்குங்க போச்சு? இன்னும் அரைச்சிருக்க மாட்டாங்கதானுங்களே?"