நாற்பத்திரண்டு தலைக்கவசங்கள்

"அந்தம்மா காரேறிக் கிளம்பற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது. கை சும்மா இருக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

ஷெட்டின் நடுவில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று சொன்னான் ராக்கெட்காரன். சொந்தபந்தங்கள் வைத்த பெயர் அது. பதினோரு வருடமாக ராக்கெட் விடுகிறேன், விடுகிறேன் என்று சொல்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இதுவரை அவன் விட்டது கை நிறையச் சம்பளம் வந்த வேலையையும், அப்பா கட்டிய வீட்டையும்தான்.

அவனையும் சேர்த்து நாற்பத்திரண்டு மஞ்சள் தலைக்கவசங்கள். அவனுடையது தவிர மற்றவையெல்லாம் சரியென்று ஆடின.

"எனக்கு இது பிடிக்கலடா" என்று அவன் காதருகே முணுமுணுத்தாள் தோழி. என்ஜினை வடிவமைத்தவள்.

"போன மாசம் பணம் போடறேன்னு வந்தவர் எப்படிச் சிரிச்சார்னு மறந்துட்டியா? பத்தே நிமிஷம். குடுத்த காப்பியைக்கூடத் தொடல. இவங்களும் கையை விரிச்சா மாசக் கடைசியில ஷெட்டுக்குப் பூட்டுதான். இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதே, தாயே!"

வாசலில் கார் வந்து நின்றது.

குளிர்சாதன லாரிகளில் மீனும் மருந்தும் ஏற்றி அனுப்பியே பெரும்பணம் சேர்த்தவர் லாரியம்மா. கையில் ஒரு சின்ன நோட்டு, காலில் தேய்ந்த செருப்பு.

"விண்வெளியெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. லோடு ஏத்தி இறக்கத்தான் தெரியும். கிலோவுக்கு என்ன கூலி?"

"பெரிய கம்பெனிங்க வாங்கறதுல பாதிம்மா."

"கட்டுப்படி ஆகுமா?"

"வருஷத்துக்கு நாலு ராக்கெட் போனா ஆகும்."

"முதல் ராக்கெட்டுல யார் சரக்கு?"

"முதல் தடவை நம்பி யாரும் தரமாட்டாங்கம்மா. செயற்கைக்கோள் எடைக்கு இரும்புக் கட்டைதான் வெச்சு அனுப்பறோம்."

போச்சு என்று நினைத்தான். லாரியம்மா சிரித்துவிட்டார்.

"என் முதல் லாரியும் வெறும் ஐஸ்கட்டியோடதான் போச்சு. போய்ச் சேர்ந்தப்போ உருகாம இருந்துச்சு. அப்புறம்தான் மீனைக் குடுத்தாங்க."

அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. என்ஜின் மூன்று நிமிடம் விடாமல் எரிந்த சோதனைப் படத்தைப் போட்டுக் காட்டினான். அவர் இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். தோழியிடம் ஆறேழு கேள்விகள் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டி, நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு ஷெட்டைச் சுற்றி வந்தார். எல்லாக் கைகளும் எதையோ செய்துகொண்டிருந்தன. வால்வு மேசையருகே, பெரிய மீசைக்காரர் ஒருவர் ஸ்பேனரும் கையுமாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"இறுக்கறேங்க."

"எதை?"

"எல்லாத்தையும்தாங்க."

"எங்க தரக் கட்டுப்பாட்டுத் தலைவர்மா" என்று நடுவில் புகுந்தான் ராக்கெட்காரன். "பேச்சு கம்மி."

"மொத்தம் எத்தனை பேர்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான். நெஞ்சை நிமிர்த்தி, "நாற்பத்திரண்டும்மா" என்றான்.

லாரியம்மா அதையும் குறித்தார். நோட்டை மூடினார். வாசலுக்கு நடந்தார். கார்க் கதவருகே நின்று அவனைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடற முடிவோடதான் தம்பி வந்தேன். உங்க என்ஜின் நல்ல என்ஜின். அந்தப் பொண்ணு தங்கம். ஆனா என்னால முடியாது."

"ஏம்மா?"

"ராக்கெட் ஒரு தடவை போனா போச்சு. சம்பளம் மாசா மாசம் போகும். ரெண்டு வருஷத்துக்கு வரும்படி இல்லாத தொழில்ல நாற்பத்திரண்டு பேரா? நான் குடுக்கற பணம் அவங்க சாப்பாட்டுக்கே சரியாப் போயிடும், ராக்கெட் தரையிலேயே நிக்கும். நான் நாலு பேரை வெச்சு ஆரம்பிச்சேன். டயர் மாத்தறதும் நான், கணக்கு எழுதறதும் நான். நீங்களும் ஒரு அஞ்சு பேரோட இதைச் செஞ்சிருந்தா, இந்நேரம் கையெழுத்துப் போட்டுட்டு, உங்களோட உட்கார்ந்து காப்பி குடிச்சிட்டிருப்பேன்."

"அம்மா, அது வந்து..."

"ஆட்களை அனுப்பிடறேன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." அவன் கையைப் பற்றிக் குலுக்கினார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். பொய் சொல்லிப் பணம் கேக்கறவங்களை வாசலோட திருப்பி அனுப்பற ஆள் நான். நீங்க எதையும் மறைக்கல. அதனாலதான் மனசு கஷ்டமா இருக்கு."

அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தான். அங்கிருந்தவர்களுக்குக் கை குலுக்கியது மட்டும்தான் தெரிந்திருந்தது.

"முடிஞ்சுதா மாப்பிள்ளை? வாடகை வேனையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள திருப்பி விடணும்" என்றபடி தலைக்கவசத்தைக் கழற்றினார் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர். அவனுடைய பெரிய மாமா.

கம்பெனியின் மொத்த ஆட்களும், அதாவது அவனும், அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட தோழியும் இன்னும் மூன்று பேரும், தரையைப் பார்த்து நின்றார்கள். "அஞ்சே பேரா?" என்று போன மாதம் வந்தவர் சிரித்தாரே என்பதற்காக அவன் கெஞ்சிக் கூட்டி வந்திருந்த முப்பத்தேழு சொந்தக்காரர்களும் கைதட்டினார்கள்.